மாவிலைக்குள் இருந்த கம்பி

பெங்களூர் ஆஸ்பத்திரியில் தோளில் கட்டோடு படுத்திருக்கும் என் மகனுக்கு, பாகலூரிலிருந்து உன் அம்மா கோபத்தோடு எழுதுவது.

உன் கடிதம் நேற்று வந்தது. வலது தோள் உடைந்ததால் இடது கையால் எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. எழுத்து எப்படி இருந்தாலும் விஷயம் நன்றாகப் புரிந்தது. விமானம் விழுந்ததற்கு நீதான் காரணம் என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிடப் போகிறாயாம். வரப்பில் நின்ற அம்மாவுக்குக் கைகாட்ட ஆசைப்பட்டு, இறங்கக்கூடாத உயரத்துக்கு இறங்கிவிட்டேன் என்று சொல்லப் போகிறாயாம். அப்படிச் சொன்னால் மாமா தப்பித்துக்கொள்வார், ஊருக்குள் போலீஸ் வராது, தை மாதம் மாமா பெண் மாதம்மாளுக்கும் உனக்கும் பேசியபடி கல்யாணம் நடக்கும், எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்கிறாய். உன் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதற்குமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு வரி. கடைசியில், ‘அம்மா, நீ இதற்கு மறுப்புச் சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்’ என்று வேறு. நன்றாக நம்பினாய், போ. மறுப்புச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, ஆஸ்பத்திரியில் உனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.

நீ விமானம் ஓட்டப் போகிறேன் என்று வந்து நின்ற நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் உன்னோடு பேசுவதையே நிறுத்தினேன். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன், நீயே போட்டுக்கொண்டு தின்பாய். அப்பா இல்லாத ஒற்றைப் பிள்ளை, ஆகாயத்தில் என்ன வேலை என்பது என் எண்ணம். அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது யார்? உன் மாமாதான். உழுதுவிட்டு வந்த சேற்றுக் காலோடு கொட்டகை வாசலில் நின்று, “வுடும்மா, பறக்கட்டும். நம்ம வம்சத்துல எவனும் தரைய வுட்டு எழும்பினதில்ல” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் மசிந்தேன். உன் அப்பா காய்ச்சலில் கண்மூடிய வருஷம் மழை பெய்ததும் தன் நிலத்தில் ஏர் பூட்டாமல் முதலில் என் நிலத்துக்கு ஏரைக் கொண்டுவந்தவர் அவர். ஊரில் நாலு பேர் சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் என் அண்ணன்மேல் வெறுப்பில் எழுதுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. என் உயிரில் பாதி அவர்தான். அவர் செய்ததை மறைக்கமாட்டேன் என்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். இருந்தாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் ஓடுகிற கதையில் நடந்தது ஒன்றுகூட இல்லை. இந்த ஆவணியில் விடாத தூறலும் பனிமூட்டமும் சேர்ந்து உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகத் தொடங்கியது. காலையில் ஒரு இலையில் கறுப்புப் பொட்டு, மறுநாள் பாத்தி முழுக்க. கைப்பம்பு வைத்து அடித்து மாளவில்லை. விவசாய இலாகா விமானம் விட்டு மருந்து தெளிக்கப் போகிறது, அதுவும் ஓட்டி வருவது நம் ஊர்ப் பிள்ளை என்று தெரிந்ததும் ஊருக்கே தலைகால் புரியவில்லை. உன் மாமா பஞ்சாயத்துத் தலைவர், அவருக்குக் கேட்கவே வேண்டாம். சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் நீ ஜீப்பில் வந்து, வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே வயலுக்குப் போனாய். காப்பித்தண்ணி கொண்டுவந்த என்னையும் கூடவே நடக்க வைத்தாய். மேற்குக் கடைசியில் இருந்த புளியமரங்களை நிமிர்ந்து பார்த்தாய். மோட்டார் பம்புக்குப் புதிதாக இழுத்த கரண்டுக் கம்பி எங்கே போகிறது என்று கம்பம் கம்பமாக நடந்தாய். சோளக்கொல்லைப் பொம்மையை மாமாவிடம் சொல்லிப் பிடுங்கச் சொன்னாய், அவர் உடனே ஆள் விட்டுப் பிடுங்கினார். ஏன் இவ்வளவு பார்க்கிறாய் என்று கேட்டேன். செடிக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் பறந்தால்தான் மருந்து இலையில் உட்காரும், அந்த உயரத்தில் மரத்தைவிடக் கம்பிதான் எமன் என்றாய். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி இருக்கிறது என்று கணக்குப் போடவேண்டும் என்றாய். நீ கூடப் படித்த ஒரு பையன் ஆந்திரத்தில் ஏதோ கரும்புக் கொல்லையில் அப்படிக் கம்பியில் மாட்டிச் செத்ததை அப்போதுதான் முதன்முதலாக என்னிடம் சொன்னாய்.

பிறகு மாமா கேட்டார், எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போவாய் என்று. ஏர் ஓட்டுகிற மாதிரிதான் மாமா, சால் சாலாக, ஆனால் எல்லாச் சாலும் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும்தான் என்று விளக்கினாய். மேற்கே புளியமரம் இருப்பதால் உயரத்தில் வந்து இறங்கவேண்டும், கிழக்கே ஏரிப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் காலியாகக் கிடக்கிறது, அங்கே தாழ இருந்தபடியே வெளியேறி ஏரிக்கு மேலே போய் எழும்பிக்கொள்ளலாம் என்றாய். மாமா தலையாட்டினார். நீ ஜீப் ஏறிப் போய்விட்டாய். விடிந்ததும் நீ பெங்களூரிலிருந்து நேரே ஆகாயத்தில்தான் வரப்போகிறாய், தரைக்கு வந்து மறுபடி பார்க்கப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பொழுது விடியும்போது நான் வயலுக்குப் போனேன். கிழக்குக் கடைசியில், நீ காலியாகக் கிடக்கிறது என்று கைநீட்டிக் காட்டிய அதே இடத்தில், இரண்டு பெரிய மூங்கில் நட்டு நடுவே தோரணம் கட்டியிருந்தார்கள். மாவிலைத் தோரணம். மூங்கில் மொட்டையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று தென்னங்கீற்றைச் சுற்றி அடியில் வாழை மரமும் கட்டியிருந்தார்கள். கயிற்றில் கட்டினால் இவ்வளவு தூரத்துக்குத் தொங்கிப்போகிறது என்று, கரண்டு இழுத்தபோது மிஞ்சிய இரும்புக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி அதில் இலையைக் கோத்திருந்தார்கள். கல்யாணமோ திருவிழாவோ, கௌரவமாக வருகிறவன் தோரணத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வரவேண்டும், அதுதானே நம் பக்கத்து வழக்கம். ஆகாயத்தில் வருகிறவனுக்கு மட்டும் இல்லாமல் போகலாமா என்று உன் மாமா விடியலிலேயே ஆள் சேர்த்து நின்று கட்டியிருக்கிறார். விமானம் அதற்குக் கீழே நுழைந்து போகும் என்று நினைத்தாயா, மேலே போகும் என்று நினைத்தாயா என்று பின்னால் ஒருநாள் அவரிடம் கேட்டேன். அதை யோசிக்கவே இல்லை, நீ வருகிற இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது என்றார். அப்படியே நம்புகிறேன். ஏனென்றால் நானும் அதைப் பார்த்தேன், எனக்கும் அழகாகத்தான் இருந்தது. முந்தின நாள் கம்பி கம்பி என்று நீ பாடம் நடத்தியதைக் காது கொடுத்துக் கேட்டவள்தான் நான். என் கண்ணில் கம்பி படவில்லை, மாவிலைதான் பட்டது. ஊரில் அத்தனை பேர் நின்றோம், ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை.

நீ வந்தாய். முறைப்படி மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய். மேலேயிருந்து பார்த்தால் ஏரிக்கரைப் பச்சையோடு அந்தப் பச்சையும் சேர்ந்துதான் தெரிந்திருக்கும். எதிரே சூரியன் வேறு. புளியமரத்தைத் தாண்டி இறங்கி, மருந்தை விட்டுக்கொண்டு செடிக்கு மேலே நேர்கோடாக வந்தாய். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், உன் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை. ஏர் பிடிக்கிற உன் அப்பா தலையும் அப்படித்தான் இருக்கும். கைகாட்டினானாம், கை. தோரணத்தில் சக்கரம் மாட்டியதும் இரண்டு மூங்கிலும் வேரோடு பிடுங்கினாற்போல் எழும்பி உன் பின்னாலேயே வந்தன. விமானம் மூக்குக் குத்தி விழுந்த ஏரி ஓரம் சேறாக இருந்ததால் பிழைத்தாய், கட்டாந்தரையாக இருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. முட்டி வரைக்கும் சேற்றில் நான்தான் முதலில் வந்து சேர்ந்தேன். உடம்பெல்லாம் நீல மருந்து வழிய, கண் திறக்க முடியாமல் கிடந்தாய். என் குரல் கேட்டதும் நீ சொன்ன முதல் வார்த்தை என்ன? “அம்மா, அங்க கம்பி இல்லியே. நேத்து பாத்தேனே, இல்லியே.” அதை இரண்டு மூன்று தடவை சொன்னாய். அதற்குப் பிறகுதான் மயக்கமானாய்.

உன்னை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், விழுந்த மூங்கிலும் கம்பியும் ஏரி ஓரத்தில் இல்லை. இலையைக்கூடப் பொறுக்கிவிட்டார்கள். உன் மாமா ஏரிக்கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் ஒரு கதை பிறந்துவிட்டது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. பையன் அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் தாழ இறங்கி ஏரிக்கரையில் மோதிவிட்டான் என்றார்கள். தாசில்தாரிடம் அதைத்தான் சொன்னார்கள். இலாகாவுக்கு விமானம் வாடகைக்கு விட்ட உன் கம்பெனி ஆள் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார்கள். அடுத்த சந்தைக்குள் அதில் எனக்கும் ஒரு வேடம் கொடுத்துவிட்டார்கள், நான் முந்தானையை எடுத்து வீசிக் கூப்பிட்டேனாம். மாமா என்னிடம் வந்து, “உம்மவன் ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். நான் பொண்ணையே குடுக்கறேன், அவன் ஒரு வார்த்த குடுக்கக் கூடாதா?” என்றார். சாப்பிடாமல் இளைத்துப் போயிருந்தார், கூடப் பிறந்தவள்தானே நான். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உன் அப்பா இருந்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான். ஒரு வருஷம் தண்ணீர் முறை இல்லாத நாளில் யாரோ ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். யார் என்று அவருக்குத் தெரியும், திறந்தவனுக்கும் அவன் அண்ணனுக்கும் வெட்டுக்குத்து வரும் என்று பயந்து, நான்தான் தெரியாமல் திறந்தேன் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். எல்லோரும் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். என்ன ஆச்சு தெரியுமா? திறந்தவனுக்குப் பயம் போய்விட்டது. மறுவருஷமும் திறந்தான், கீழ்ப்பக்கத்து ஏழைச் சனத்தின் ராகிப் பயிர் மொத்தமும் மூழ்கியது. அப்போதும் எல்லோரும் உன் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் சாகும்வரை வாய் திறக்கவில்லை. நம் வீடுகளில் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு அடுத்தவன் தப்பைச் சுமந்தால் அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் கிடையாது. உன் அப்பா நல்லவர், அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. இந்தக் குணத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதே.

மாதம்மாள் என்ன சொல்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை. அவள் பெயரை மட்டும் உன் கணக்கில் சேர்த்துக்கொண்டாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்தாள். கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே பட்டென்று சொன்னாள். “அத்த, எங்கப்பாவக் காப்பாத்தத்தான் அவரு பொய் சொல்றாருன்னா எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம். ஆயுசுக்கும் அவரு முன்னால எங்க வீட்டாளுங்க தல குனிஞ்சே நிக்கணும். அவரு பேசாம இருந்தாலும் எனக்குக் குத்தும்.” அப்பா முகத்தைப் பார்த்து இதைச் சொல்வாயா என்று கேட்டேன். சொல்லிட்டேன் அத்தை, அறைந்தார், அதான் இங்கே வந்தேன் என்றாள். கன்னம் சிவந்துதான் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளும் யோக்கியதை உனக்கு இருக்கிறதா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இவ்வளவு நடந்தும் நான் சும்மாதான் இருந்தேன், தம்பி. என்னை அசைத்தது வேறொன்று. சந்தை நாளன்று கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் கதவுக்குக் கீல் வாங்க நின்றேன். பக்கத்தில் ஒரு நடுத்தர வயது ஆள் இரும்புக் கம்பி கேட்டு, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜவளகிரிப் பக்கத்து ஊர்க்காரர், தெலுங்கு கலந்து பேசினார். அடுத்த வாரம் அவர்கள் ஊருக்கு மருந்து விமானம் வருகிறதாம், தோரணம் கட்டவேண்டுமாம், காட்டிலிருந்து மூங்கில் வெட்டி வைத்தாகிவிட்டதாம். கயிறு தொங்கிப்போகும், கம்பியில்தான் விறைப்பாக நிற்கும் என்று பாகலூர்க்காரர்கள் சொன்னார்களாம். இங்கே விமானம் விழுந்தது தெரியாதா என்று கேட்டேன். தெரியாமல் என்ன என்று சிரித்தார். “அது அந்தப் பையன் அவங்கம்மாளுக்குக் கை காட்டப் போயி வுழுந்தானாம்மா. எங்களுக்கு வர்றவரு புள்ளகுட்டிக்காரரு, அப்படியெல்லாம் வெளயாட மாட்டாரு.”

நீ இதை நன்றாக யோசித்துப் பார். உன் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை என்கிறாயே, அந்தப் பொய் உனக்கு முன்னாலேயே கடைத்தெருவுக்கு வந்து கம்பி வாங்கிக்கொண்டு நிற்கிறது. விமானம் விழுந்தது பையன் கொழுப்பால் என்றால் தோரணத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று ஆகிவிடுகிறதே. அப்புறம் ஊருக்கு ஊர் கட்டத்தானே செய்வார்கள்? நமக்கு ஈடாக, நம்மைவிடப் பெரிதாகக் கட்டவேண்டும் என்றுதான் போட்டி போடுவார்கள். நம் சனம் அப்படித்தான் என்று உனக்குத் தெரியாதா?

அந்த ஆளிடம், “அந்த அம்மா நான்தாங்க” என்றேன். அவர் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே மாதம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். மூங்கிலை ஏற்கெனவே நட்டிருந்தார்கள். ஊர்ச்சனம் கூடியது. தமிழிலும் தெலுங்கிலும் சொன்னேன், பிற்பாடு புரியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது பார். என் அண்ணன் ஆசையாகக் கட்டிய தோரணத்தில்தான் என் மகன் மாட்டி விழுந்தான், என் மகன் எனக்குக் கைகாட்டவில்லை, நானும் அவனைக் கூப்பிடவில்லை என்றேன். அப்பா பேரைச் சொல்லும்போது மாதம்மாள் தலை நிமிர்ந்துதான் நின்றாள். பெண்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஆண்களில் சிலர், நட்ட மூங்கிலைப் பிடுங்குவது அபசகுனம், கம்பி கட்டாமல் மூங்கில் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். விமானம் மூங்கிலில் மோதினால் மட்டும் சகுனம் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். பிடுங்குகிற வரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று மூங்கிலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பைத்தியக்காரி என்று யாரோ சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் பிடுங்கினார்கள். குழியையும் மூடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சேதி எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. உன் மாமா என் வாசலில் நின்றார், படி ஏறவில்லை.

“ஊரெல்லாம் போயி சொல்லிட்டியாமே.”

“சொல்லிட்டேன் அண்ணா.”

“என்னப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறதுக்கா உங்கொல்லைய மொதல்ல உழுதேன்?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் பதிலும் சொன்னேன். அவர் உழுததை என் கட்டை வேகும்வரை மறக்கமாட்டேன், அதற்குக் கைம்மாறாக என் தலையைக் கேட்டால் கொடுப்பேன், என் மகன் பெயரைக் கேட்டால் கொடுக்கமாட்டேன், அதுவும் இன்னொருத்தி மகன் சாகிற மாதிரி ஒரு பொய்க்காகக் கொடுக்கவே மாட்டேன் என்றேன். இனிமேல் உனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் அவர் நடந்துபோன நடையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. உள்ளே வந்தால் உன் கடிதம் கிடக்கிறது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே நாளில் வந்து சேர்ந்தீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். விசாரணையில் உன் மாமாவைத் திட்டாதே, வில்லனாக்காதே. முந்தின நாள் அவர் பொம்மையைப் பிடுங்கிக் கொடுத்ததைச் சொல். உன்மேல் உள்ள பிரியத்தில் வழக்கப்படி தோரணம் கட்டினார், அதில் கம்பி இருந்தது, நீ நடந்து பார்த்தபோது அது இல்லை, அதைச் சொல். இனிமேல் எந்த ஊரில் மருந்து அடித்தாலும் அதிகாலையில் ஒரு ஆள் வயலைச் சுற்றிப் பார்க்கவேண்டும், ஊர்க்காரர்கள் புதிதாக எதையும் நடக்கூடாது, அலங்காரமானாலும் கூடாது என்று அவர்கள் எழுதி வைக்கட்டும். மாமாவைப் போலீஸ் கூப்பிட்டால் கூப்பிடட்டும். சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் முதலில் போய் நிற்பவள் நானாகத்தான் இருப்பேன். அவர் என்னைத் தங்கச்சி இல்லை என்றாலும் எனக்கு அவர் அண்ணன்தான். அவர் கோபம் எனக்குத் தெரியும், நாலு மாசமோ நாலு வருஷமோ, இருக்கட்டும். கல்யாணம் தையில் நடக்காவிட்டால் பங்குனியில் நடக்கும். அதுவும் இல்லை என்றால் மாதம்மாளிடம் போய்க் கேள், அவள் பதில் சொல்லுவாள்.

லைசென்ஸ் போனால் போகட்டும் என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன ரேஷன் கார்டா? நான் பேசாமல் இருந்தும் அடங்காமல் போய்க் கற்றுக்கொண்டு வந்தது. உன் தோள் கூடியதும் நீ மறுபடி பறக்கவேண்டும். விழுந்த பயத்தில் நான் இதைச் சொல்லமாட்டேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்குப் பயம் இருக்கிறது, தினம் இருக்கும். இருந்தாலும் பற. கருகல் நோய் அடுத்த ஆவணியிலும் வரும், யாராவது தாழப் பறந்து மருந்து அடித்துத்தானே ஆகவேண்டும், நிலத்தை நடந்து பார்த்துவிட்டுப் பறக்கிறவனே வரட்டும்.

விசாரணைக்கு நானும் மாதம்மாளும் வருகிறோம். ஓசூரில் பஸ் மாறி விடியற்காலையிலேயே வந்துவிடுவோம். பொம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். சேற்றில் கிடந்த உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையைக் கேட்ட சாட்சி நான், விடாவிட்டால் விடுகிற வரைக்கும் வாசலில் உட்காருவேன், எப்படி உட்காருவேன் என்று ஜவளகிரிப் பக்கம் கேட்டுப் பார்க்கச் சொல். அதிகாரி உன்னைக் கேட்கும்போது அன்றைக்குச் சேற்றில் சொன்னதையே சொல். இல்லை, அம்மாவுக்குக் கைகாட்டினேன் என்று நீ ஆரம்பித்தால், இவன் என் மகன், இவன் பொய் சொல்கிறான் என்று அத்தனை பேருக்கும் நடுவில் நான் எழுந்து நின்று சொல்வேன்.